ஏட்டில் ஏறாத மெட்டு

கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையை ஆராய்வோர் பெரும்பாலும் அதன் பாடத்தையே மூலமாகக் கொள்கின்றனர். மெட்டு, பாடத்தின் புறவணியாகவே கருதப்படுகிறது. இந்நிலைப்பாடு மறுபரிசீலனைக்குரியது.

அயர்லாந்தின் 'லண்டன்டெரி ஏர்' மெட்டை, ஜேன் ராஸ் குறித்தளித்தவாறு 1855இல் ஜார்ஜ் பெட்ரி அச்சிட்டார். அதனை இசைத்தவரின் பெயர் அந்நூலில் இல்லை. 1913இல் வெளிவந்த 'டேனி பாய்' பாடலின் சொற்கள் பின்னர் அம்மெட்டோடு ஒன்றின. அங்கு மெட்டு நிலைத்தது. அதன் தோற்றம் இன்றும் விவாதத்திற்குரியதாக உள்ளது. கொங்கில் நேர்ந்தது இதன் மறுதலை: சொல் நூலாயிற்று, உடுக்கையோடு இயைந்த மெட்டு பாடகரோடு நின்றது.

பிரெண்டா பெக் 1965 அளவில் காங்கயம் பகுதிப் பாடகர் ஒருவரிடமிருந்தே பாடிய வடிவத்தையும் சொல்லக்கேட்டு எழுதிய வடிவத்தையும் பெற்றார். அவை வேறுபட்டமையை அவரது 1982ஆம் ஆண்டு நூல் காட்டுகிறது. ஒருவரிடத்திலேயே இரு வடிவம் எனில், பாடத்தை மட்டும் ஒப்பிட்டு 'மூல வடிவம்' காண்பது எங்ஙனம் பொருந்தும்?

அன்னூர் முதல் வீரப்பூர் வரை பாடகர் பெயர், ஊர், நாள், தாளம் ஆகிய குறிப்புகளுடன் உடுக்கைப்பாட்டுகள் பதிவுசெய்யப்பட வேண்டும். முதிய பாடகர் மறையுந்தோறும் ஒரு திரிபு மறைகிறது. அச்சிட்ட பாடம் அவ்விழப்பை ஈடுசெய்யாது.