சேற்றுக்கு மருந்திடும் அறிவு

மயிலிட்டி மக்கள் ஊரை விட்டு அகன்றது 1990 யூனில். துறைமுகத்தைச் சூழ்ந்த நிலம் மீண்டது 2017 யூலையில். இருபத்தேழு ஆண்டுகள் ஆளற்றுக் கிடந்த கிணற்றில் இருப்பது நீர் மட்டுமன்று. இலையும் சருகும் உக்கிய சேறும் அங்கே உள. அத்தகைய கிணற்றிலும் குளோரீன் தூளைக் கரைத்து ஊற்றினாற் போதும் என்போர் பலர். இது விஞ்ஞானமன்று, விஞ்ஞானத்தின் பெயரைச் சூடிய சோம்பல்.

குளோரீன் ஓர் ஒட்சியேற்றி. கிருமியென்றும் சருகென்றும் அது பேதம் பாராட்டுவதில்லை. சேதனப் பதார்த்தம் மிகுந்த நீரில் இட்ட குளோரீனின் பெரும்பகுதி அதனோடு தாக்கமுற்றே தீர்ந்துவிடும். அரைமணி நேரத்தின் பின்னும் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் எஞ்சவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. அவ்வளவு எஞ்சவில்லையெனின் மேலும் தூளிடுவர். கேடு ஆங்குதான் தொடங்குகின்றது. உக்கற் பதார்த்தத்தோடு குளோரீன் சேருங்கால் குளோரபோம் முதலிய திரைகலோமெதேன்கள் பிறக்கும் என்பதை, ஒல்லாந்தின் றொட்டர்டாம் நகரக் குடிநீரை ஆராய்ந்த யொகானஸ் றூக் 1974 இல் வெளியிட்டார். 1979 இல் அமெரிக்கா இவற்றுக்கு லீற்றருக்கு 100 மைக்கிரோகிராம் என எல்லை வகுத்தது. கடலோரக் கிணற்றின் நிலையோ இன்னும் சிக்கலானது. உவரோடு வரும் புரோமைட்டைக் குளோரீன் ஒட்சியேற்ற, புரோமீன் கலந்த சேர்வைகள் மிகும். ஓசோனுக்கு மாறலாமே என்பார்க்கும் விடுதலையில்லை. அது புரோமைட்டைப் புரோமேற்றாக்கும்.

இவ்வளவையும் கேட்டு, 'மருந்து மணக்கும் தண்ணீர் வேண்டாம்' என முழங்குவோரின் வாதம் இதனினும் ஆபத்தானது. குளோரபோமின் தீங்கு பல்லாண்டு அருந்துவோர்க்கு நேரக்கூடியது. வயிற்றோட்டமோ குழந்தையை ஓரிரு நாளிற் கொல்லும். பக்க விளைபொருளுக்கு அஞ்சிக் கிருமிநீக்கத்தைத் தளர்த்தலாகாது என்று அந்நிறுவனமே வலியுறுத்துகின்றது.

வழி யாது? முதலில் இறைத்தல், சேறு வாருதல், பின்னரே குளோரீன். நகர நீர்த்தொகுதிகளிற் படிகாரமிட்டுச் சேதனப் பதார்த்தத்தைப் படியவைப்பதும் இதே நியாயத்தாலேயாம். கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கிய முன்னோர்க்கு இரசாயனம் தெரியாது, வரிசைமுறை தெரிந்திருந்தது. கரையோரத்தில் அதையும் மெல்லச் செய்தல் வேண்டும்; விரைந்து இறைத்தால் உவர் ஏறும். தூளுக்கு ஆகும் செலவு அற்பம். நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் சேறு வாருங் கூலிக்கும் ஆகும் செலவை, வீட்டுச் சுவரைக்கூட இன்னும் எழுப்பாத குடும்பத்தின் தலையிற் சுமத்திவிட்டுத் தூளை மட்டும் பகிர்ந்தளிப்பது உதவியாகாது. வலிகாமத்துக் கிணறுகளிற் பசளையால் ஏறியுள்ள நைத்திரேற்றையோ எந்தக் குளோரீனும் நீக்காது; அதற்கு வேறு நீர்தான் தேடவேண்டும்.