ஊரில் தங்கியவர்களுக்கு நாம் செய்தது

திருநெல்வேலியை விட்டுப் போன பிள்ளைகளைப் பற்றிப் பேச நமக்கு அலுப்பதே இல்லை. சென்னையில், பெங்களூரில், துபாயில் இருப்பவர்களின் சம்பளம் கல்யாண வீட்டுப் பந்தி வரை வந்துவிடும். இங்கேயே தங்கி, இங்கேயே வேலை பார்ப்பவர்களிடம் நாம் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: “என்னலே, இன்னும் இங்கனயேதான் கெடக்கியா?” அந்தக் கேள்வியிலேயே அவர்களின் உழைப்புக்கு விலையைக் குறைத்துவிட்டோம்.

குறைத்ததற்கு ஒரு காரணமும் வைத்திருந்தோம். “வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு வாற புள்ளைக்கு இது போதாதா?” முதலாளி சொன்னார், நாம் தலையாட்டினோம். தகப்பனார்களாகிய நாமும் தலையாட்டினோம். பெட்ரோலுக்கும் செல்போனுக்கும் தங்கத்துக்கும் சென்னையில் என்ன விலையோ ஏறக்குறைய அதே விலைதான் வண்ணார்பேட்டையிலும். சின்ன ஊர் என்ற தள்ளுபடி உழைப்பவரின் கூலியில் மட்டும்தான் விழுந்தது.

2010இல் ‘அங்காடித் தெரு’ படம் வந்தபோது நாம் அழுதோம். சென்னை ரங்கநாதன் தெருவில் கால் கடுக்க நின்றவர்கள் நம் தென்மாவட்டத்துப் பிள்ளைகள் என்பதால் நெஞ்சு கூடுதலாகவே வலித்தது. அந்த ஆண்டு தீபாவளிக்கு டவுன் ரத வீதி ஜவுளிக்கடையில் இரவு ஒன்பது மணிக்கு நுழைந்து, முப்பது சேலைகளை விரிக்கச் சொன்னோம். எதிரே நின்ற பெண் காலையிலிருந்து நிற்கிறாள் என்பதோ, மானூருக்கோ முக்கூடலுக்கோ அவள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதோ நமக்குத் தோன்றவில்லை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. அதன் பிறகாவது வாடிக்கையாளர்களாகிய நாம் “இருக்கை எங்கே?” என்று கேட்டிருக்கலாம். அதற்குக் காசு செலவில்லை, அதிகாரமும் வேண்டியதில்லை. ஆனாலும் கேட்கவில்லை.

பாளையங்கோட்டையைத் தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்கிறோம். தூய யோவான் கல்லூரி, சாரா தக்கர் கல்லூரி, 1923இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரி எல்லாம் நம் பெருமைகள், நியாயமான பெருமைகள். ஆனால் தனியார் பள்ளிகளின் பெற்றோர் கூட்டங்களில் நீட் பயிற்சி பற்றிக் கேட்டோம், வேன் கட்டணம் பற்றிச் சண்டை போட்டோம். எம்.எஸ்சி., பி.எட். முடித்து நம் பிள்ளைக்கு இயற்பியல் நடத்தும் ஆசிரியைக்கு என்ன சம்பளம், கோடை விடுமுறை மாதத்துக்கும் அது உண்டா என்று ஒருவரும் எழுந்து கேட்டதில்லை. அவரும் பெரும்பாலும் இங்கே படித்தவர்தான்.

மேலப்பாளையத்தைப் பற்றிச் சொல்லும்போது நாம் இன்னும் கூசவேண்டும். தறி ஓசை கேட்ட அந்தப் பகுதி பின்னாளில் பீடி சுற்றும் பகுதியானது. வீட்டு வாசலில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு, சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே இலை வெட்டி, தூள் வைத்து, நூல் கட்டி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கில் அங்குள்ள பெண்கள் குடும்பத்தைத் தாங்கினார்கள். சொந்தப் பெயரில் கம்பெனிப் பாஸ்புத்தகம் இல்லாமல் அடுத்தவர் பெயரில் சுற்றிக்கொடுத்தவர்கள் அவர்களில் உண்டு. அவர்களுக்கு பி.எஃப். என்று கேட்க வழியே இல்லை. பீடி உடம்புக்குக் கேடு என்றோம், அது சரிதான். பீடித்தொழில் சுருங்கினால் இந்தப் பெண்களின் கைகளுக்கு வேறு என்ன வேலை என்று நகரத்தின் மற்ற பாதி யோசித்ததா? செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தையைத் தவிர மேலப்பாளையத்துக்கு நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்?

ஆட்சியர் அலுவலகம் இருக்கும் கொக்கிரகுளத்தைச் சொல்லாமல் இந்த ஊரில் கூலி பற்றி எழுத முடியாது. 1999 ஜூலை 23 அன்று மலையிலுள்ள மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டும், சிறையில் இருந்த தோழர்களை விடுவிக்கக் கேட்டும் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாக வந்தார்கள். போலீஸ் தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெண்கள் இருந்தார்கள், கைக்குழந்தை ஒன்றும் இருந்தது. பக்கத்திலேயே சுலோசன முதலியார் பாலம். 1843இல் மக்கள் மேல் வரி விழக்கூடாது என்று ஒருவர் தன் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்த பாலம் என்று பிள்ளைகளுக்கு நாம் கதை சொல்கிறோம். அதே ஆற்றில் நடந்த இந்தச் சாவுகளைச் சொல்வதில்லை. ஆண்டுதோறும் கட்சிக்காரர்கள் வந்து மலர் தூவுவார்கள், போக்குவரத்து திருப்பிவிடப்படும், நாம் வேறு வழியில் வேலைக்குப் போவோம். மலையில் நடந்த தகராறு, யாருக்கோ நேர்ந்தது என்று தள்ளி வைத்தோம். கூலி கேட்டு வந்தவர்கள் நம் ஊருக்குத்தான் வந்தார்கள், நம்மிடம்தான் வந்தார்கள்.

குத்தகை 2028 வரை இருந்தும் 2024இல் மாஞ்சோலைத் தோட்டத்தை மூடும் வேலை தொடங்கிவிட்டது. மூன்று நான்கு தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பங்கள், கம்பெனிக்குச் சொந்தமான லைன் வீடுகளிலிருந்து கீழே இறங்க வேண்டி வந்தது. அவர்களின் பிள்ளைகள் வேலை கேட்டு வந்து நிற்கக்கூடிய இடங்கள் நம் ஜவுளிக்கடைகளும் பள்ளிகளும் ஆஸ்பத்திரிகளும்தான். வீட்டுச் சோறு இருக்கிறதே என்று அவர்களிடமும் சம்பளத்தைக் குறைத்தால், நாம் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு பில் போடும் வரிசையில் நிற்கக்கூடாது.