கூட்டுறவு ஆய்வாளரும் குத்தகை விவசாயியும்

பட்டம் பெற்றுக் கூட்டுறவு ஆய்வாளர் உத்தியோகத்தில் அமர்ந்த நம் போன்றோரை, ஓசூர்த் தொழிற்சாலைகளிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் உடன்படித்தோர் கேட்பதுண்டு: பேரேடு புரட்டுவதில் என்ன பயன் கண்டீர்கள் என்று. கேள்வி நியாயமானதே. பேரேட்டோடு நின்றுவிட்டால் பயன் சொற்பம் என்பதே நமது கருத்து.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நிறுத்தியிருந்த வாகனங்களே வெள்ளத்தில் உருண்டு சென்றன. வயல்களைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. இத்தகைய வேளையில் சிட்டாவும் அடங்கலும் உடைய அங்கத்தினர் மறுபயிருக்குக் கடன் கேட்க வழியுண்டு. வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுபவர்க்கோ, பயிர் தமதாயினும் பத்திரம் தமதன்று. அவர் மனுவே எழுதாமல் வட்டிக்குக் கொடுப்போரை நாடுகிறார். மாஸ்டர் நெசவாளரிடம் முன்பணம் பெற்று, சங்கத்துப் பாவு கேட்க இயலாத கூலி நெசவாளர் நிலையும் இதுவே. மறுக்கப்பட்ட மனு ஒன்றும் இல்லை. ஆதலால் நமது ஆய்வறிக்கையிலும் குறை ஒன்றும் இல்லை!

இயக்கம் இங்கே வேர்விடு முன்பே, சட்டத்தினும் ஆளே முக்கியம் என்றுணர்ந்தவர் பிரடெரிக் நிக்கல்சன். சென்னை மாகாண சர்க்கார் பணித்தபடி ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராய்ந்து, 1895-லும் 1897-லும் இரு தொகுதிகளாக அறிக்கை தந்தார். ரைபைசனைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். 1904-ல் சட்டம் வந்தது. அவ்வாண்டே திருவள்ளூரை அடுத்த திரூரில் சங்கமும் தோன்றியது.

அந்த ரைபைசன் யார்? 1845-ல், தமது 27-ஆம் வயதில், ஜெர்மனியின் வையர்புஷ் என்னும் சிற்றூர்ப் பகுதிக்கு நிர்வாகத் தலைவராக அமர்ந்த சர்க்கார் ஊழியர். 1846-47 பஞ்சத்தில், ரொக்கத்துக்கே மாவு தரவேண்டும் என்ற உத்தரவிருந்தும், ஏழைகட்குக் கடனாகவே கொடுத்தார். வசதியுடையோரைத் திரட்டிப் பொது அடுப்பில் ரொட்டி சுடச் செய்தார். கண்பார்வை மங்கி 1865-ல் உத்தியோகத்தினின்று விலகியவர், அடுத்த ஆண்டே கடன் சங்கங்களைப் பற்றித் தமது நூலை வெளியிட்டார்.

உத்தரவை மீறுமாறு நாம் எவரையும் தூண்டவில்லை, மெமோ வரும். மீறவேண்டிய அவசியமும் இல்லை. குத்தகையாளர் சிலர் ஒருவர்க்கொருவர் பொறுப்பேற்றுக் கடன் பெறும் கூட்டுப் பொறுப்புக் குழு முறையை நபார்டு வகுத்தே இருக்கிறது. அதை அவர்கள் வாசலில் சென்று சொல்வார்தாம் குறைவு. சங்கத்துக்கு ஆய்வாளர் செல்லும் நாளில், கணக்கு முடிந்தபின் ஒரு மணி நேரம் ஊருக்குள் நடந்து, எவர் நிலத்தை எவர் உழுகிறார், ஏன் சங்கத்துக்கு வரவில்லை என்று விசாரித்து, அதையும் அறிக்கையில் எழுதட்டும். தவணை தவறிய பாக்கியைப் பற்றிக் கேட்கும் அதே அழுத்தத்தோடு மேலதிகாரிகளும் இதைக் கேட்கட்டும். ஆடிப் பட்டத்துக்கு முன்பே தொடங்கினால் விதைப்புக்கு உதவும்.