வடம் பிடிப்பார் இன்றித் தேர் நகருமோ?

ஆடிப்பூரத் திருநாளன்று ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் நிலையினின்று பெயர்வதைக் கண்டவர் அக்காட்சியை எளிதில் மறவார். மேலே கொடியும் தோரணமும் பட்டுச் சீலையும் அசைந்தாடும். தேர்த்தட்டில் நின்று கையசைத்து ஆணையிடுவார் சிலர். கீழே, வெயிலிற் காய்ந்த வீதியில், வடத்தைப் பற்றி நிற்பார் பல்லாயிரவர். ஊர்ப் பெரியவர் எவராயினும், அவர் ஆணை எத்தகையதாயினும், வடம் பிடித்த கைகள் தளர்ந்தால் அத்தேர் ஓரடியும் நகராது. இவ்வுண்மை தேருக்கு மட்டும் உரியதன்று. விளையாட்டுச் சங்கங்களுக்கும் இஃது ஒக்கும் என்பதை எடுத்துக் காட்டுதலே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

ஆடுவோருக்கும் ஆள்வோருக்கும் இடையே பிணக்கு எழுவது இயல்பு. அது எழுந்தபோது, 'நீங்கள் ஆடாவிட்டால் ஆடுவதற்கு வேறு ஆள் இல்லையோ?' என்று கூறி, வேற்றணி ஒன்றைத் திரட்டி மைதானத்தில் இறக்குதல் அதிகாரிகள் கையாளும் பழைய உபாயம். இவ்வுபாயம் நீதியாகுமா? நீதியே ஆயினும் பயன் தருமா? இவ்விரண்டு வினாக்களையும் நிகழ்ந்த செய்திகளைக் கொண்டே ஆராய்வோம்.

முதலில் நம்மவர் ஒருவர் வரலாற்றைக் காண்போம். தன்ராஜ் பிள்ளை புனாவை அடுத்த கட்கியில், 1968ஆம் ஆண்டில், தமிழ்க் குடும்பத்திற் பிறந்தவர். அவர் அன்னையாரின் பெயர் ஆண்டாளம்மா. நம் ஊர் நாச்சியாரின் திருநாமம் அத்துணைத் தொலைவிலும் ஒரு தாயின் பெயராய் வழங்கிற்று என்பது நமக்கு ஒருவகை உறவுரிமையைத் தருகின்றது. ஒடிந்த மட்டைகளைக் கட்டிச் சீர்செய்து ஆடப் பழகிய அவ்விளைஞர், பின்னர் நான்கு ஒலிம்பிக் பந்தயங்களிலும் நான்கு உலகக் கோப்பைப் பந்தயங்களிலும் நாட்டின் சார்பில் ஆடினார். 1998ஆம் ஆண்டு டிசம்பரில் பாங்காக் நகரில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவில் அவர் தலைமை தாங்கிய அணி தென் கொரியாவை வென்று தங்கப் பதக்கம் பெற்றது. 1966ஆம் ஆண்டிற்குப் பின், முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்துக் கிட்டிய வெற்றி அது.

அவ்வெற்றிக்குக் கிட்டிய பரிசு யாது? அடுத்த தொடருக்கு அணி அறிவிக்கப்பட்டபோது தன்ராஜ் உள்ளிட்ட மூத்த வீரர் எழுவர் பெயர் அதில் இல்லை. 'அவர்களுக்கு ஓய்வு அளிக்கப்பட்டது' என்பதே சங்கத்தார் கூறிய காரணம். ஆயினும் ஊதியமும் வசதியும் போதவில்லை என்று தன்ராஜ் வாய்திறந்து கூறியதே உண்மைக் காரணம் என்று நாடெங்கும் பேசப்பட்டது. கேளாதவர்க்கு ஓய்வு கொடுத்தல் ஒரு விந்தையான கொடையே. உழுது விளைவித்தவனைக் களத்து மேட்டில் ஏறவிடாது, 'நீ இளைத்திருக்கின்றாய், போய் உறங்கு' என்று கூறும் மிராசுதாரனைப் போன்றது இச்செயல். தன்ராஜ் பின்னர் மீண்டும் அழைக்கப்பட்டார். 2000ஆம் ஆண்டில் சிட்னி ஒலிம்பிக்கிலும் ஆடினார். அவரின்றி ஆட இயலாது என்பதை இதனால் ஒப்புக்கொண்டவர் யார் என்பதை வாசகர்களே உணர்வார்கள்.

இரண்டாவது நிகழ்ச்சி 2010ஆம் ஆண்டு ஜனவரியில் புனாவில் நேர்ந்தது. டில்லியில் பிப்ரவரி 28ஆம் தேதி உலகக் கோப்பைப் பந்தயம் தொடங்க இருந்தது. அதற்கெனப் பயிற்சி முகாமிற் கூடியிருந்த ஹாக்கி வீரர்கள், தங்களுக்குச் சேரவேண்டிய தொகை தரப்படவில்லை என்று கூறிப் பயிற்சிக்கு இறங்க மறுத்தனர். தலைக்கு இருபத்தையாயிரம் ரூபாய் தருவதாகச் சங்கம் கூற, அவர்கள் அதனை ஏற்கவில்லை. கெடு விதிக்கப்பட்டது, பணியாதவர்க்குப் பதிலாக வேறு வீரரைக் கொண்டு அணி அமைப்போம் என்ற அச்சுறுத்தலும் எழுந்தது. வீரர்கள் அசையவில்லை. நாட்டின் பல பகுதிகளினின்றும் அவர்களுக்கு ஆதரவுக் குரல் எழுந்தது. முடிவில் அணிக்குப் பொருளுதவி செய்துவந்த நிறுவனம் முன்வந்து தொகை அளிக்க இசைந்தது. சில நாட்களிற் பிணக்கும் ஓய்ந்தது. அவ்வணி முதல் ஆட்டத்திற் பாகிஸ்தானை 4-1 என்று வென்றதாயினும், பந்தய முடிவில் எட்டாம் இடமே பெற்றது. பயிற்சிக்குரிய நாட்களை வழக்கிற் கழித்தவர்கள் வேறென்ன பெறுவர்?

இனிக் கடல் கடந்து செல்வோம். அயர்லாந்து தேசத்தில் ஹர்லிங் என்றொரு பழமையான ஆட்டம் உண்டு. அணிக்குப் பதினைந்து பேர். வளைந்த மட்டையால் சிறு பந்தை நிலத்திலும் வானிலும் அடித்தாடுவர். நம் ஹாக்கியின் மூத்த உறவினன் எனலாம். அதனை ஆடுவோர்க்கு ஊதியம் இல்லை. பகலெல்லாம் தத்தம் தொழிலைச் செய்து, மாலையிற் பயின்று, தம் மாவட்டத்தின் பெயருக்காக ஆடுவர். அங்குள்ள கார்க் மாவட்ட வீரர்கள் 2002ஆம் ஆண்டின் இறுதியில் தம் மாவட்டக் குழுவினரோடு பிணங்கி ஆட மறுத்தனர். அவர்கள் கேட்டவை செல்வமல்ல. பயணம், மருத்துவம் முதலியவற்றில் மனிதரை மனிதராய் நடத்தும் வசதிகளே. குழுவினர் இணங்கினர். அதே அணி 2004ஆம் ஆண்டிலும் 2005ஆம் ஆண்டிலும் அயர்லாந்து முழுமைக்கும் முதன்மை பெற்றது. உரியதைக் கொடுத்தால் ஒழுங்கு கெடும் என்று அஞ்சுவோர் இச்செய்தியைச் சிந்திப்பாராக.

ஆயினும் அதே கார்க்கில் 2008ஆம் ஆண்டில் எழுந்த பிணக்கு இத்துணை எளிதானதன்று. ஜெரால்டு மக்கார்த்தி என்பாரை மீண்டும் பயிற்சித் தலைவராக நியமித்ததை எதிர்த்து, அவ்வாண்டு அணியினர் அவர்கீழ் ஆட மறுத்தனர். குழுவினர் தளராது, 2009ஆம் ஆண்டுத் தொடக்கத்திற் புதிய இளைஞர்களைக் கொண்டு வேற்றணி அமைத்துக் களத்தில் இறக்கினர். பல்லாயிரம் மக்கள் வீரர்களுக்கு ஆதரவாகத் தெருவிற் கூடினர். மார்ச்சு மாதத்தில் மக்கார்த்தி பதவி துறந்தார். பழைய வீரர் திரும்பினர். வென்றவர் வீரரே. ஆயினும் தம் இளமையில் ஒரு காலத்திற் கார்க்கின் புகழ்பெற்ற வீரராயிருந்த மக்கார்த்தி மனம் புண்பட்டார், மாவட்டமே இரண்டுபட்டது. உரிய வசதி கேட்டு வடத்தை விடுவது ஒன்று; தேர்மேல் நிற்பவர் இன்னாரே ஆகவேண்டும் என்று வடத்தை விடுவது மற்றொன்று. முன்னதில் வீரர் பக்கமே நியாயம் என்று ஐயமின்றிக் கூறுவேன். பின்னதில் அவர்கள் கருத்துக் கேட்கப்படவேண்டும் என்பதே என் துணிபு. அவர்கள் சொல்லே முடிவாதல் வேண்டும் என்று நான் கூறமாட்டேன்.

வேற்றணியால் விளையும் பயனுக்கு 2009ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளில் நிகழ்ந்ததே சான்று. ஒப்பந்தப் பிணக்கினால் கிரிக்கெட் வீரர் விலக, பத்தாண்டுகள் டெஸ்ட் ஆட்டம் ஆடாத பிளாயிட் ரீபர் தலைமையில் எழுவர் புதுமுகங்களோடு ஓர் அணி வங்காள தேசத்தை எதிர்த்தது. அயல்நாட்டில் அதுவரை ஒரு டெஸ்ட் ஆட்டமும் வென்றறியாத வங்காள தேசம் அவ்விரண்டு ஆட்டங்களையும் வென்றது. லாயிடும் ரிச்சர்ட்சும் ஆண்ட மண்ணில், சங்கத்தாரின் பிடிவாதம் வென்றது. சங்கத்தின் பெயர் தோற்றது.

ஈண்டு ஒருசாரார் கூறுவர்: 'நாட்டிற்காக ஆடுவது பெரும் பேறு, அதற்குக் கூலி கேட்பது இழிவு' என்று. இக்கூற்று செவிக்கு இனியது. ஆனால் இதனைக் கூறுவோர் விமானத்தில் முன்னிருக்கையில் அமர்ந்து செல்வதையும், ஆடுவோர் பின்னிருக்கையில் முடங்குவதையும் நாம் கண்டிருக்கின்றோம். தியாகம் இருசாரார்க்கும் பொதுவாயின் அது தியாகம். ஒருவருக்கு மட்டும் விதிக்கப்படின் அது சுரண்டல். மேலும், வீரனின் காலம் குறுகியது. அதிகாரி எழுபது வயதிலும் நாற்காலியில் வீற்றிருக்கலாம். ஆடுவோன் முப்பதைக் கடந்ததும் முழங்கால் விடைகொடுத்துவிடும். அதற்குள் தன் வாழ்வுக்கு வழிதேடாதவன் அறிவுடையவன் ஆகான்.

'அங்ஙனமாயின் வேற்றணியிற் சேரும் இளைஞன் துரோகியோ?' என்று கேட்கலாம். அல்லன். நம் இராஜபாளையத்து நூற்பாலைகளின் வாயிலிற் காலைவேளையில் நின்றவர்கள் பதிலித் தொழிலாளி என்ற சொல்லை அறிவார்கள். வேலைக்கு வாராதவன் இடத்தை நிரப்ப அழைக்கப்படும் அவனுக்கு எவர்மீதும் பகையில்லை. அவனுக்கும் வயிறு உண்டு, வீடு உண்டு. பல ஆண்டு காத்திருந்து, நாட்டின் சட்டையை ஒருநாளேனும் அணியலாம் என்று ஏங்கும் இளைஞனும் அத்தகையவனே. குற்றம் அவனுடையதன்று, ஒருவன் பசியை மற்றொருவன் உரிமைக்கு எதிராக ஏவுகின்றவனுடையது. எனினும் அவ்விளைஞனுக்கு ஒன்று கூறுவேன்: இன்று நீ நிரப்பும் இடத்தை நாளை மற்றொருவனைக் கொண்டு நிரப்புவார்கள்; அன்று உனக்காகப் பேசுவார் எவரும் மிஞ்சியிரார்.

தீர்வு யாது? நான் மூன்று கூறுவேன். முகாம் தொடங்குமுன்னரே ஊதியமும் வசதியும் எழுத்தில் இருத்தல் வேண்டும். வாய்ச்சொல்லே வழக்கின் வித்து. பிணக்கு எழுந்தால், இருசாராரும் அல்லாத நடுவரிடம் அது செல்லவேண்டும். வழக்காடுவோனே தீர்ப்புக் கூறுதல் எந்த ஊர் நீதி? வழக்கு முடியும்வரை, முறையிட்டவன் என்ற காரணத்தால் ஒருவனை அணியினின்று நீக்குதல் கூடாது. 2025ஆம் ஆண்டில் நம் பாராளுமன்றம் இயற்றிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், வழக்குகளை விசாரிக்கத் தனித் தீர்ப்பாயம் ஒன்றையும், சங்க நிர்வாகத்தில் வீரர்க்கு இடத்தையும் வகுத்துள்ளது. இது நல்ல தொடக்கம். ஆனால் சட்டம் ஏட்டில் உறங்குவதும் விழிப்பதும் அதனைப் பயன்படுத்துவோர் கையிலுள்ளது. வீரர்க்கும் கடமை உண்டு: முறையீட்டிற்கு உரிய வழிகள் யாவற்றையும் நாடியபின்னரே ஆட்டத்தை நிறுத்துதல் வேண்டும், பந்தயத்திற்கு முன்னாள் இரவைப் பேரம் பேசும் காலமாக்குதல் அவர்க்கு அழகன்று.

இக்கட்டுரையைப் படிக்கும் மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். நம் ஊர்களினின்று பேருந்தேறினால் சிறிது நேரத்தில் ஹாக்கிக்குப் பெயர்போன கோவில்பட்டியை அடையலாம். மட்டையை முதுகில் மாட்டிச் செல்லும் சிறுவர்களை அங்குக் காணலாம். அவர்களுள் ஒருவன் நாளை நாட்டிற்காக ஆடுவான். உங்களுள் ஒருவர் நாளை ஏதோ ஒரு சங்கத்தின் காரியதரிசியாகி மேசைக்குப் பின் அமர்வீர். அச்சிறுவன் கையில் ஒரு மனுவோடு உங்கள்முன் வந்து நிற்கும் நாளில், அவனை இருக்கச் சொல்லுங்கள், மனுவைப் படியுங்கள், அவனுக்குப் பதிலாக யாரை அழைக்கலாம் என்று பட்டியலைப் புரட்டாதீர்கள். தேர் நிலைசேர்ந்தபின் வடம் பிடித்தவன் கையைப் பாருங்கள். அங்குள்ள காய்ப்புக்கு மதிப்பளிக்கும் சங்கமே வாழும்.