ஆகாயத்தில் அரை மணி, தரையில் அரைநாள்

சென்னை மீனம்பாக்கத்துக்கும் பெங்களூர் தேவனஹள்ளிக்கும் ஆகாய மார்க்கத்தில் சுமார் 270 கி.மீ. தூரமேயாயினும், விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து, முறைக்குக் காத்திருந்து, மேலெழுந்து இறங்குவதற்கான அவகாசத்தையும் சேர்த்தே கம்பெனிகள் கால அட்டவணையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்று குறிக்கின்றன. வானில் பறப்பதோ அதனினும் குறைவு.

ஆனால், வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் லாரிகளின் நடுவே சுமார் 50 கி.மீ. கடந்து மீனம்பாக்கம் சேரும் பட்டு வியாபாரிக்கு, அந்த ஒரு மணி நேரம் பிரயாணத்தின் அற்ப பாகமே. பரிசோதனை வரிசையில் நிற்கும் பொழுதும், தேவனஹள்ளியிலிருந்து நகரத்துக்குள் செல்ல வேண்டிய சுமார் 35 கி.மீ. தூரமும் எந்த அட்டவணையிலும் இடம்பெறுவதில்லை. சென்னையிலிருந்து வந்தே பாரத் ரயிலோ நான்கரை மணி நேரத்துக்குள் நகரத்தின் மத்தியிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுகிறது!

2022-இல் அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையம் வாலாஜாபாத்வாசிகளான நமக்குச் சமீபமானதே, சௌகரியந்தான், மறுப்பதற்கில்லை. எனினும் சென்னைவாசிக்கு அது சுமார் 70 கி.மீ. தொலைவு. வயல்களும் ஏரிகளும் பறிபோகுமென்று அங்குள்ள ஏகனாபுரத்து மக்கள் ஆட்சேபித்துவரும் நிலையில், அந்த நஷ்டத்துக்கு ஈடாகக் காட்டப்படும் கால மிச்சத்தை, விமானத்தின் வேகத்தைக் கொண்டன்றி வீட்டு வாசலிலிருந்தே கணக்கிட்டு, ரயில் இணைப்பின் விவரத்தோடு சர்க்கார் பிரசுரிக்க வேண்டும்.