'எட்டு மாசம் தங்காது' என்று இனியும் சொல்லலாமா?

போன வாரம் எங்கள் எதிர் வீட்டு மருமகளுக்கு எட்டாம் மாதத்திலேயே பிரசவமாகி விட்டது. ஆண் குழந்தை. எடை ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் கூட. செய்தி தெரிந்ததும் தெருவே அந்த வீட்டுத் திண்ணையில் கூடிவிட்டது. வாழ்த்துச் சொல்ல அல்ல, துக்கம் விசாரிக்கிற மாதிரி! 'ஏழு மாசம் கூடத் தங்கிடும், எட்டு மாசம்தான் தங்காது' என்று ஒரு அம்மாள் ஆரம்பிக்க, குழந்தையின் பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைக்க ஆரம்பித்து விட்டார். ஆஸ்பத்திரியில் உயிரோடு கை காலை ஆட்டிக்கொண்டு இருக்கிற பிள்ளைக்கு இங்கே ஒப்பாரி!

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. 2017-ல் இதே வசனத்தை என் காதால் கேட்டவள் நான். என் மகள் 32 வாரத்தில், 1 கிலோ 450 கிராமில் பிறந்தவள்.

முதலில் அந்த ஏழு, எட்டுக் கணக்கைப் பார்ப்போம். 37 வாரம் முடியும் முன் பிறந்தால் குறைமாதம். வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான். ஏழு மாதக் குழந்தையை விட எட்டு மாதக் குழந்தைக்கே பிழைக்கும் வாய்ப்பு அதிகம். இதைச் சொல்ல டாக்டர் கூட வேண்டாம், யோசித்துப் பார்த்தாலே தெரியும். யார் கிளப்பிவிட்ட பேச்சோ, பெற்றவள் வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

அடுத்தது பழி. 'மாடிப்படி ஏறினே, பப்பாளி தின்னே' என்று என் மாமியார் ஒரு பட்டியலே வைத்திருந்தார். எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது, அதுதான் காரணம். சிலருக்கு நீர்க்குடம் முன்னாலேயே உடைந்து விடும், சிலருக்குக் கிருமித் தொற்று, சிலருக்கு இரட்டைக் குழந்தை. பலருக்குக் காரணமே தெரிவதில்லை. பிரசவத்துக்கு முன் எனக்கு ஊசிகள் போட்டார்கள். 'எதுக்கு இத்தனை ஊசி?' என்று அதற்கும் முணுமுணுப்பு. குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர்வதற்கான ஊசி அது. நுரையீரலுக்குள் இருக்கும் சின்னச் சின்னக் காற்றுப் பைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வழவழப்பான ஒரு பொருள் சுரக்க வேண்டுமாம். குறைமாதத்தில் அது போதுமான அளவு இருக்காது. மூச்சுத் திணறுவது அதனால்தான்.

மூன்றாம் நாள்தான் என்னை உள்ளே விட்டார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், என் குழந்தை எது என்றே எனக்குத் தெரியவில்லை. மூக்கில் காற்றுக் குழாய், வாய் வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய், நெஞ்சில் ஒயர்கள், மேலே சூடு தரும் விளக்கு. தோலுக்கு அடியில் நரம்பு தெரிந்தது. பக்கத்தில் மானிட்டர் 'கிணிங் கிணிங்' என்று அலறும்போதெல்லாம் என் உயிர் போய்விட்டு வரும். 'சில சமயம் மூச்சு விட மறந்துடுவாங்கம்மா, லேசா தட்டினா ஞாபகம் வந்துடும்' என்றார் நர்ஸ் சிரித்துக்கொண்டே. அதற்குக் கொடுக்கிற மருந்து என்ன தெரியுமா? கஃபீன்! காபியில் இருக்கிற அதே சமாச்சாரம். இதை வீட்டில் சொன்னபோது, 'பச்சைக் குழந்தைக்குக் காபி குடுக்கறாளாம்' என்று அதையும் ஊரெல்லாம் பரப்பினார்கள்.

முதல் வாரம் எடை குறையும். 1450 கிராமாக இருந்தவள் 1320-க்கு வந்துவிட்டாள். 'நாளுக்கு நாள் தேயுதே' என்று நான் அழுத அழுகை! பத்துப் பதினைந்து நாளில் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும், அப்புறம்தான் ஏறும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த ஒரு வாரம் தூங்கியிருப்பேன். மஞ்சள் காமாலையும் அப்படித்தான். கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழ் படுக்க வைத்தார்கள், சரியாகி விட்டது.

தாய்ப்பாலைப் பற்றி ஒரு வார்த்தை. உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விடுகிற வித்தை 34 வாரம் வாக்கில்தான் பிள்ளைகளுக்குக் கைகூடும். அதுவரை கறந்து குழாய் வழியாகக் கொடுக்க வேண்டும். முதலில் இரண்டு மில்லி! என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, 'இவளுக்குப் பாலே இல்லை, டப்பா வாங்கிட்டு வா' என்று மகனிடம் சொன்னார். பால் இல்லாமல் இல்லை, இரண்டு மணிக்கு ஒரு தரம், நடு ராத்திரியிலும் கறந்தால்தான் ஊறும். அதற்குத் தாய் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், அவளை யாரும் திட்டாமல் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் செய்வது குடும்பத்தின் வேலை. பிறகு பாலாடையில் ஊட்டப் பழக்கினார்கள். நம் பாட்டிகளின் பாலாடை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பதைப் பார்த்து எனக்கு ஒரே பெருமை.

இன்னொன்று, கங்காரு போல மார்போடு மார்பாகக் குழந்தையைக் கட்டிக்கொள்வது. 1970-களின் கடைசியில் கொலம்பியா நாட்டின் போகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமல் ஒரு டாக்டர் ஆரம்பித்து வைத்தாராம். வயிற்றுக்கு வெளியே ஒரு வயிறு மாதிரி! கதகதப்பு, பால், தூக்கம் எல்லாம் அதில் சேரும். 2022-ல் உலக சுகாதார நிறுவனமே, பிறந்த உடனேயே ஆரம்பித்து, ஒரு நாளைக்கு 8 மணி முதல் 24 மணி நேரம் வரை செய்யச் சொல்லியிருக்கிறது. அப்பாவும் செய்யலாம். என் கணவர் முதல் நாள் கூச்சப்பட்டுச் சட்டைப் பட்டனைப் பிடித்துக்கொண்டே நின்றார். அப்புறம் என் முறை வந்தாலும் விடமாட்டேன் என்று அடம். ஆண்பிள்ளை இதையெல்லாம் செய்வதா என்று கேட்ட உறவினர்களுக்கு நான் பதிலே சொல்லவில்லை.

செலவு பற்றிச் சொல்லாவிட்டால் முழுமையாகாது. முதல் இரண்டு நாள் தனியார் ஆஸ்பத்திரி. நகை அடகுக்குப் போனது. பிறகுதான் அரசு ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு மாற்றினோம். 'கவர்மெண்ட்லயா?' என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. என் மகளுக்கு நல்லபடியாகப் பார்த்தது அங்கேதான். பிறந்த குழந்தைக்கு அரசு ஆஸ்பத்திரியில் இலவசச் சிகிச்சை என்பது 2011-லிருந்தே மத்திய அரசின் திட்டம். கடன் வாங்கும் முன் விசாரியுங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. 24-ஆம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது சீட்டில் 'முப்பதாம் நாள் கண் பரிசோதனை' என்று எழுதி, இரண்டு முறை வாயாலும் சொன்னார்கள். வீட்டில் ஒரே ரகளை. 'ஒரு மாசம் ஆகாத பிள்ளையை வாசப்படி தாண்ட விடறதா? கண்ணு பட்டுடும்' என்றார் மாமியார். 'கண்ணு நல்லாத்தானே இருக்கு, அடுத்த மாசம் பார்க்கலாம்' என்றார் என் கணவர். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. வரவில்லையே என்று நர்ஸ் போன் பண்ணித் திட்டிய பிறகு, 33-ஆம் நாள் போனோம்.

குறைமாதக் குழந்தைக்கு விழித்திரையின் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. வெளியே வந்தபின் அவை தாறுமாறாக வளர்ந்தால் விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். வெளிப்பார்வைக்குக் கண் நன்றாகத்தான் இருக்கும்! சொட்டு மருந்து விட்டு டாக்டர் பார்த்தால்தான் தெரியும். சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் லேசரில் காப்பாற்றலாம். தாமதமானால் பார்வை போய்விடும். 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, இரண்டு கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ முப்பது நாளுக்குள் பார்த்தாக வேண்டும். ரொம்பச் சின்னக் குழந்தை என்றால் இன்னும் முன்னாலேயே.

என் மகளுக்கு ரத்தக் குழாய் வளர்ச்சி முடியவில்லை என்று இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் வரச் சொன்னார்கள். மூன்றாம் முறை, 'போதும், சரியாகிவிட்டது' என்றார்கள். அன்றைக்கு அதே வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண், ஐந்து மாதக் குழந்தையோடு. விளக்கைக் காட்டினால் பார்ப்பதில்லை என்று கூட்டி வந்திருந்தார். அவரிடமும் அதே மாதிரி ஒரு சீட்டு இருந்தது, மடித்தது மடித்தபடி. டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தவர் சுவரோரமாக உட்கார்ந்து விட்டார். ஒரு சத்தமும் இல்லை. என் மடியிலும் மூன்று நாள் தாமதமாக வந்த பிள்ளை. அந்த முகம் இன்றுவரை எனக்கு மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபின் எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது, சாம்பிராணிப் புகை, சேனை வைப்பது, உரை மருந்து எல்லாவற்றையும் ஒத்திப் போடுங்கள். எடை கூடட்டும். சளி பிடித்தவர்கள் தூக்கிக் கொஞ்ச வேண்டாம், கை கழுவாமல் தொடவே வேண்டாம். 'எங்க பிள்ளையை நாங்க தொடக்கூடாதா?' என்று கோபித்துக்கொண்டு போனவர்கள் ஆறு மாதம் கழித்துத் தாமாகவே வந்தார்கள்.

வயதைக் கணக்குப் போடுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. என் ஓரகத்தி மகள் நாலு மாதத்தில் குப்புற விழுந்தாள், இவள் விழவில்லை என்று வீட்டில் தினமும் ஒப்பீடு. எட்டு வாரம் முன்னால் பிறந்தவளுக்கு அந்த எட்டு வாரத்தைக் கழித்துவிட்டுத்தான் தலை நிற்பது, தவழ்வது எல்லாம் பார்க்க வேண்டும், இரண்டு வயது வரை. தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது, பிறந்த தேதியில் இருந்தே கணக்கு. காது கேட்கிறதா என்றும் பரிசோதித்து விடுங்கள். என் மகள் இப்போது கண்ணாடி போட்டிருக்கிறாள். போட்டுக்கொண்டே கரும்பலகையைப் படிக்கிறாள், எதிர்த்தும் பேசுகிறாள்.

எதிர் வீட்டுப் பாட்டியிடம் இதையெல்லாம் உட்கார்ந்து சொன்னேன். முப்பதாம் நாள் என்றைக்கு வருகிறது என்று எண்ணிப் பார்த்து, அவர்கள் வீட்டுக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமும் போட்டேன். பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். அன்றைக்கு அஷ்டமியாம். 'மறுநாள் போனா ஆகாதா?' என்றார். ஆகாது, நானே கூட வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்.