கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொம்மை

லண்டன் நகரத்தில் லிவர்பூல் ஸ்ட்ரீட் என்றொரு ரயில்வே ஸ்டேஷன். 2003-ம் வருஷம் அங்கே ஒரு சிறுமியின் சிலையை வைத்தார்கள். அவள் பக்கத்தில் கண்ணாடியால் செய்த பெரிய பெட்டி. அதற்குள் இருந்தவை சிற்பி செய்த சாமான்களல்ல. ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த யூதக் குழந்தைகள் கையோடு கொண்டுவந்து, தலை நரைக்கும் வரை காப்பாற்றி வைத்திருந்த பொம்மை, புத்தகம், உடுப்பு, போட்டோ. வெயில் பட்டு அவை நைந்துபோகத் தொடங்கவே, பிறகு எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள்.

சந்தையில் காலணா பெறாத சாமான்கள். இவற்றை மட்டும் ஏன் கொண்டுவந்தார்கள்? மற்றதையெல்லாம் பிடுங்கிக்கொண்டார்கள்!

1938 நவம்பர் 9, 10 தேதிகளில் நாஜிக் காலிகள் யூதர்களின் கோயில்களைக் கொளுத்தினார்கள், கடைகளை நொறுக்கினார்கள், சுமார் 30,000 ஆண்களைப் பிடித்து முகாம்களில் அடைத்தார்கள். அதற்குமேல், யூதர்கள் மீதே 100 கோடி மார்க் அபராதமும் போட்டது ஹிட்லர் சர்க்கார். குடிசையைக் கொளுத்திவிட்டுக் குடிசைக்காரன் மீதே கேஸ் போடும் பண்ணையாரைக் கண்டவர்களுக்கு இந்த நியாயம் புதிதல்ல.

பிரிட்டிஷ் சர்க்கார் குழந்தைகளை மட்டும் வரவிடச் சம்மதித்தது. டிசம்பர் 2-ந் தேதி முதல் கூட்டம், சுமார் 200 குழந்தைகள், ஹார்விச் துறைமுகத்தில் இறங்கியது. யுத்தம் மூளும் வரை சுமார் 10,000 பேர் வந்து சேர்ந்தார்கள். ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டி, பத்து மார்க் காசு, கழுத்தில் நம்பர் எழுதிய அட்டை. விலையுள்ள பொருள் எதுவும் கூடாது. எல்லையில் பெட்டிகளைக் கிளறிச் சோதித்தார்கள். ஆலை கேட்டில் மடியைத் தட்டிப் பார்க்கும் சோதனையை அனுபவித்த தோழர்கள், ஆறு வயதுக் குழந்தையின் பெட்டியில் அந்தக் கை நுழைவதை எண்ணிப் பார்க்கட்டும்.

அதே டிசம்பர் மாதம்தான், நம்முடைய தாம்பரத்தில், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில், உலக மிஷனரி மாநாடு கூடியது. அறுபதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து பிரதிநிதிகள் வந்தார்கள். வந்தவர்களை நாம் குறை சொல்லவில்லை. பிரதிநிதிக்குக் கடல் கடக்க வழி இருந்தது, அகதிக்கு இல்லை என்பதைத்தான் சொல்கிறோம். அந்த வருஷம் ஜூலையில் எவியான் என்ற ஊரில் 32 நாடுகள் கூடி யூதர்களுக்காகப் பரிதாபப்பட்டன. ஏறக்குறைய எல்லாமே கையை விரித்தன. "எங்கள் நாட்டிலேயே வேலையில்லாத் திண்டாட்டம்" என்பது ஒரு சாக்கு. குழந்தைகளை விட்டதற்கும் அதுவே காரணம். குழந்தை யாருடைய வேலைக்கும் போட்டிக்கு வராது, தகப்பன் வருவான்! வேலையில்லாத் திண்டாட்டத்தை உண்டாக்கியவன் முதலாளி. பழி மட்டும் அகதியின் தலையில்.

ஆக, குழந்தைக்கு அனுமதி, தாய்க்கு இல்லை. ஸ்டேஷனில் தாய் கையில் திணித்த பொம்மையை ஞாபகச் சின்னமாக்கியது நாஜி மட்டுமல்ல. தாயைத் தடுத்த சர்க்கார்களும்தான். 2006-ல் அதே ஸ்டேஷனில் இன்னொரு சிலை செய்த பிராங்க் மைஸ்லர், 1939 ஆகஸ்டில் டான்சிக் நகரிலிருந்து இப்படி வந்த சிறுவன். அவர் புறப்பட்ட சில நாட்களிலேயே தாய் தகப்பன் கைது செய்யப்பட்டார்கள். ஆஷ்விட்ஸ் முகாமில் மாண்டார்கள்.

இது எங்கோ நடந்த கதை என்று தள்ளிவிட நம்மால் முடியாது. 1964-க்குப் பின் ரங்கூனிலிருந்து கப்பல் கப்பலாகச் சென்னையில் வந்திறங்கிய தமிழர்களும் கடை, சொத்தைப் பறிகொடுத்து, சொற்பக் காசோடு வந்தவர்கள்தாம். இலங்கைக் கப்பலுக்கு ஆள் கொண்டுபோன போட் மெயில் தாம்பரம் வழியாகத்தான் ஓடியது. 1983 ஜூலைக் கொலைவெறிக்குப் பிறகோ அந்த ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ராமேஸ்வரத்துக்குப் படகேறி வந்தார்கள். அன்று கைக்குழந்தைகள், இன்று நாற்பதைக் கடந்தவர்கள். ஆயிரக்கணக்கானோர் இன்னும் முகாம்களில்தான். 1951-ம் வருஷத்து அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்த பிள்ளைக்கு, தாயோ தகப்பனோ இந்தியப் பிரஜையாக இல்லாவிட்டால், இந்த மண்ணில் பிறந்தும் உரிமை இல்லை. 2019-ல் திருத்திய குடியுரிமைச் சட்டத்திலும் இலங்கைத் தமிழனுக்கு இடம் வைக்கவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்கு முன் கண்ணீர் விடுவது சுலபம். முகாமில் பிறந்து, இங்கேயே படித்து, கூலிக்குப் பெயிண்ட் அடிக்கவும் கொத்து வேலைக்கும் போகும் அந்தப் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கொடு என்று நாம் கேட்கிறோம். டில்லி சர்க்கார் என்ன பதில் சொல்லப்போகிறது?